காருக்குள் ஒளிந்திருந்த பென்ஷன்: தெரியுமா உங்களுக்கு?

ஒரு காருக்குள் என்னென்ன இருக்கும்? இன்ஜின், சக்கரம், சீட், கண்ணாடி, பெயின்ட். இத்தனைக்கும் விலை போட்டுக் கூட்டினால் அடக்கவிலை வந்துவிடும். ஆனால் 2005-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி விற்ற ஒவ்வொரு காருக்குள்ளும், எந்த மெக்கானிக்காலும் கழற்றிக் காட்ட முடியாத இன்னொரு சாமான் இருந்தது தெரியுமா? வைத்தியச் செலவு! சராசரியாக ஒரு காருக்கு 1,500 டாலருக்குச் சற்று மேல். அந்தக் காரைச் செய்த தொழிலாளியின் காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் ஆன செலவு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் பெரும்பங்கு, அந்தக் காரின் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாதவர்களுக்குப் போனது. எப்போதோ ரிட்டையர் ஆகி, வீட்டில் பேரன் பேத்திகளோடு இருந்த தாத்தாக்களுக்கும் பாட்டிகளுக்கும்!

அப்போது ஜெனரல் மோட்டார்ஸ் வைத்தியச் செலவை ஏற்றுக்கொண்டிருந்தவர்களின் எண்ணிக்கை சுமார் 11 லட்சம். அமெரிக்காவில் தனியார் நிறுவனங்களிலேயே மிக அதிகமாக மருத்துவச் சேவையை விலை கொடுத்து வாங்கியது ஒரு கார் கம்பெனிதான்! இது அதற்கு மட்டும் வந்த கதையும் அல்ல. 1980-களிலேயே கிரைஸ்லர் கம்பெனியின் தலைவர் லீ ஐயகோக்கா, தங்களுக்கு மிகப் பெரிய சப்ளையர் இரும்பு விற்பவரோ ரப்பர் விற்பவரோ இல்லை, மருத்துவக் காப்பீட்டு நிறுவனம்தான் என்று ஊரறியச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரும்பை விட மருந்து அதிகம் வாங்கிய கார் கம்பெனி! இது எப்படி நேர்ந்தது என்று தேடிப் போனால், ஒன்றையொன்று மிஞ்சும் ஆச்சரியங்களாக வந்துகொண்டே இருக்கின்றன.

அமெரிக்காவில் முதன்முதலாகத் தன் ஊழியர்களுக்குப் பென்ஷன் கொடுத்த தனியார் கம்பெனி எது தெரியுமா? இன்று கிரெடிட் கார்டுக்குப் பெயர் போன அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்! ஆண்டு 1875. அன்று அதன் தொழில் பார்சல் அனுப்புவது. ரயிலிலும் குதிரை வண்டியிலும் மூட்டைகளும் பணப்பெட்டிகளும் போய்க்கொண்டிருந்த காலம். 60 வயது ஆகியிருக்க வேண்டும், 20 ஆண்டு உழைத்திருக்க வேண்டும், இனி வேலை செய்ய முடியாது என்ற நிலைக்கு உடம்பு வந்திருக்க வேண்டும், அதற்கும் மேல் நிர்வாகம் மனம் வைக்க வேண்டும். இத்தனையும் கூடி வந்தால்தான் பென்ஷன். அந்தக் காலத்துத் திட்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான்: கொடுப்பது முதலாளியின் பெரிய மனசு, நிறுத்துவதும் அவர் இஷ்டம்.

பெரிய மனசு என்று இருந்தது கடமையாக மாறியதற்கு இரண்டாம் உலகப் போர்தான் காரணம் என்றால் நம்புவீர்களா? 1942-ல் விலைவாசியைக் கட்டுப்படுத்த அமெரிக்க அரசு சம்பள உயர்வுக்குத் தடை போட்டது. ஆட்கள் கிடைக்கவில்லை, கூடுதல் சம்பளம் கொடுக்கவும் வழியில்லை. ஆனால் பென்ஷனும் மருத்துவக் காப்பீடும் அந்தத் தடைக்குள் வரவில்லை! சம்பளமாகத் தர முடியாததைக் கம்பெனிகள் சலுகையாகத் தரத் தொடங்கின. போர் முடிந்த பிறகு இன்லண்ட் ஸ்டீல் என்ற கம்பெனியின் வழக்கு வந்தது. பென்ஷன் என்பது தொழிற்சங்கத்தோடு உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய விஷயம், முதலாளி தன்னிச்சையாக முடிவு செய்யக் கூடாது என்று தீர்ப்பு. 1949-ல் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. சங்கங்களுக்குக் கதவு திறந்தது!

அந்தக் கதவு வழியாக முதலில் நுழைந்தவர் வால்டர் ரூதர், கார் தொழிலாளர் சங்கத்தின் தலைவர். 1949-ல் ஃபோர்டு கம்பெனியிடம் பென்ஷன் வாங்கினார். 1950-ல் ஜெனரல் மோட்டார்ஸோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டார். கார் கம்பெனிகளின் ஊரான டெட்ராய்ட்டை வைத்து ஃபார்ச்சூன் பத்திரிகை அதற்கு வைத்த பெயர் 'டெட்ராய்ட் உடன்படிக்கை'. இரண்டு தேசங்கள் போரை நிறுத்திக் கையெழுத்துப் போட்டதுபோல ஒரு பெயர்! இதில் எனக்கு இன்றும் அடங்காத வியப்பு ஒன்று உண்டு. கம்பெனி பென்ஷன் தர வேண்டும் என்பது ரூதரின் முதல் விருப்பமே இல்லை! முதுமைக்கும் வைத்தியத்துக்கும் அரசாங்கமே எல்லாருக்கும் பொதுவாகப் பொறுப்பேற்க வேண்டும் என்பதுதான் அவர் கனவு. கம்பெனிகள் தலையில் இந்தச் சுமையை ஏற்றினால், தாங்க முடியாமல் அவர்களே அரசாங்கத்திடம் போய் நிற்பார்கள் என்று எதிர்பார்த்தார். அவர்களோ போய் நிற்கவில்லை. சுமந்தார்கள். கார் விற்ற வேகத்தில் அந்தச் சுமை அவர்களுக்கு உறைக்கவே இல்லை.

அந்த மேஜையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் சார்ல்ஸ் வில்சனும் லேசுப்பட்டவர் அல்ல. பென்ஷன் பணத்தை அரசுப் பத்திரங்களிலோ சொந்தக் கம்பெனியிலோ மட்டும் முடக்க வேண்டாம், நாட்டின் பல கம்பெனிகளின் பங்குகளில் பிரித்துப் போடுவோம் என்றவர் அவர். தொழிலாளியின் சேமிப்பு பங்குச் சந்தைக்குள் வெள்ளமாகப் பாய்ந்தது இப்படித்தான். அமெரிக்கக் கம்பெனிகளுக்குத் தொழிலாளர்களே சொந்தக்காரர்கள் ஆகிக்கொண்டிருக்கிறார்கள் என்று மேலாண்மை மேதை பீட்டர் டிரக்கர் 1976-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

18 வயதில் வேலைக்குச் சேர்ந்து 48 வயதில் பென்ஷனோடு வீட்டுக்குப் போக முடிந்தது, தெரியுமா?

1970-ல் ஜெனரல் மோட்டார்ஸில் 67 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. சுமார் 4 லட்சம் பேர் வேலைக்குப் போகவில்லை. அதில் கிடைத்த வெற்றி, 30 ஆண்டு உழைத்தால் மாதம் 500 டாலர் பென்ஷனோடு விடைபெறலாம் என்பது. முதலில் வயது வரம்பு ஒன்று இருந்தது. அடுத்த ஒப்பந்தத்தில் அதுவும் போயிற்று. யோசித்துப் பாருங்கள். 48 வயதில் வெளியே வந்தவர் 80 வயது வரை இருந்தால் 32 ஆண்டு பென்ஷன். வேலை பார்த்ததோ 30 ஆண்டுதான்! அவர் போன பிறகு மனைவி இருந்தால், அவருக்கும் ஒரு பங்கு தொடரும்.

இதைப் படித்ததும் 'அநியாயம்' என்று தோன்றினால், ஒரு நிமிடம் அசெம்பிளி லைன் பக்கம் நின்று பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு கார் நகர்ந்து வரும். ஒவ்வொன்றிலும் அதே இடத்தில், அதே கைத்திருப்பலில், அதே போல்ட். முப்பது ஆண்டு அதைச் செய்த தோளும் முதுகும் எப்படி இருக்கும்? சம்பள உயர்வைக் குறைத்துக்கொண்டு அதற்குப் பதிலாகத்தான் அவர்கள் இந்தப் பென்ஷனை வாங்கினார்கள். அது அவர்களுடைய சம்பளம்தான். கைக்கு வருவதைப் பிற்காலத்துக்குத் தள்ளி வைத்திருந்தார்கள், அவ்வளவே. இந்த ஒன்றை மறந்துவிட்டால் இனி வரும் கணக்கு எதுவும் சரியாகப் புரியாது.

கணக்குக்கு வருவோம். இந்தப் பகுதியை முதலில் படித்தபோது நம்ப முடியாமல் கால்குலேட்டரை எடுத்து நானே போட்டுப் பார்த்தேன்!

முப்பது ஆண்டு கழித்து ஒருவருக்கு 1,00,000 டாலர் தருவதாக ஒரு கம்பெனி வாக்குக் கொடுக்கிறது. அதற்கு இன்று எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும்? வட்டி 8 சதவீதம் என்றால் 9,938 டாலர் போதும். அதுவே 4 சதவீதம் என்றால்? 30,832 டாலர்! ஆள் அவரேதான், வாக்கும் அதேதான், கொடுக்கப்போகும் தொகையிலும் ஒரு டாலர் மாறவில்லை. வட்டி மட்டும் பாதியாகக் குறைந்தது. கடன் மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது! கம்பெனியில் யாரும் தவறு செய்யவில்லை, ஒரு புது ஆளைக்கூடச் சேர்க்கவில்லை. எங்கோ வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் வட்டி இறங்கியதால் டெட்ராய்ட்டில் பள்ளம் விழுந்தது. 1980-களின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அமெரிக்காவில் வட்டி இறங்குமுகம்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. யாருமே வேலைக்கு வராவிட்டாலும் பென்ஷன் செலவு ஏறும்! இன்று 9,938 டாலராக இருக்கும் அந்தக் கடன், ஓர் ஆண்டு கழித்து 10,733 டாலராகிவிடும். கொடுக்க வேண்டிய நாள் ஓர் ஆண்டு பக்கத்தில் வந்துவிட்டது அல்லவா? கணக்கு எழுதுபவர்கள் இதை வட்டிச் செலவு என்று தனியாகவே எழுதுகிறார்கள். ஊழியர் இந்த ஆண்டு உழைத்துச் சம்பாதித்த பென்ஷனுக்குச் சேவைச் செலவு என்று பெயர். பழைய கம்பெனிகளில் வட்டிச் செலவு, சேவைச் செலவை விழுங்கிப் பல மடங்கு பெரிதாக நிற்கும். நேற்றைய உழைப்பின் விலை இன்றைய உழைப்பின் விலையை மிஞ்சி நிற்கிறது!

வட்டி இறங்கினால் மட்டுமா? மனிதர்கள் நீண்ட நாள் வாழ்ந்தாலும் கடன் ஏறும். 2014-ல் அமெரிக்க ஆக்சுவரிகளின் சங்கம், அதாவது மனிதர்களின் ஆயுளைக் கணக்குப் போடும் நிபுணர்களின் சங்கம், புது ஆயுள் அட்டவணை வெளியிட்டது. 65 வயதைத் தொட்ட ஆண் சராசரியாக 86.6 வயது வரையும், பெண் 88.8 வயது வரையும் இருப்பார்கள் என்றது அந்த அட்டவணை. ஓர் அட்டவணை மாறியது. நாடெங்கும் கம்பெனிகளின் பென்ஷன் கடன் ஒரே மூச்சில் உயர்ந்தது. இதய நோய்க்கு நல்ல மருந்து வந்தால் வீட்டில் சந்தோஷம், பென்ஷன் கணக்கில் கூடுதல் கடன். அந்தச் சந்தோஷத்துக்காகத்தானே பென்ஷன் என்று ஒன்றைக் கண்டுபிடித்தோம்!

ஒரு வாக்கு எத்தனை காலம் நீளும் தெரியுமா? கம்பெனிக் கதையிலிருந்து ஒரு நிமிடம் விலகிச் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது 1865-ல். அந்தப் போருக்கான கடைசிப் பென்ஷன் எப்போது நின்றது? 2020-ல்! போரில் இருந்த ஒருவர் தள்ளாத வயதில் மறுமணம் செய்துகொண்டார். அதில் பிறந்த மகள், மாதம் 73 டாலர் 13 சென்ட் வாங்கிக்கொண்டே 90 வயது வரை வாழ்ந்தார். போர் முடிந்து 155 ஆண்டு!

அரசாங்கம் 155 ஆண்டு தாங்கும். கம்பெனி தாங்குமா?

1962-ல் ஜெனரல் மோட்டார்ஸில் 4,64,000 பேர் வேலை பார்த்தார்கள். பென்ஷன் வாங்கியவர்களும் துணைகளும் 40,000. ஒருவரைத் தாங்கப் பதினொரு பேருக்கு மேல். 2000-களின் நடுவில்? வேலையில் 1,41,000 பேர். ஓய்வில் 4,53,000 பேர்! ஒருவர் தோளில் மூன்று பேர். பிரமிட் அப்படியே தலைகீழாகக் கவிழ்ந்து கூர்முனையில் நின்றது. இதே நேரத்தில் ஹோண்டா 1982-லும் டொயோட்டா 1988-லும்தான் அமெரிக்காவில் சொந்தமாகக் கார் ஆலை திறந்திருந்தன. ஒஹாயோவிலும் கென்டக்கியிலும் அவர்கள் சேர்த்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். ரிட்டையர் ஆனவர்கள் கிட்டத்தட்ட இல்லை. பக்கத்து மாநிலத்தில் அதே மாதிரி கார், உள்ளே தாத்தா பாட்டி செலவு இல்லாமல்! ஜெனரல் மோட்டார்ஸ் திறமையாகக் கார் செய்யத் தவறியது என்பது பாதி உண்மை. ஆனால் அது திறமை கூட்டிய ஒவ்வொரு முறையும், குறைந்த ஆட்களை வைத்து அதிகக் கார் செய்த ஒவ்வொரு முறையும், தாங்கும் தோள்கள் குறைந்தன என்ற மறுபாதி எனக்கு மனதை உறுத்துகிறது. 1993 முதல் 2007 வரை பதினைந்து ஆண்டில் பென்ஷனுக்கும் ஓய்வுபெற்றவர்களின் வைத்தியத்துக்கும் அந்தக் கம்பெனி கொட்டியது 10,300 கோடி டாலர். ஆண்டுக்குச் சராசரி ஏறக்குறைய 700 கோடி!

ஒரு பைசா கைமாறாமல் 2,080 கோடி டாலர் நஷ்டம், தெரியுமா?

1992-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்த நஷ்டம் 2,350 கோடி டாலர். அதுவரை அமெரிக்கக் கம்பெனி எதுவும் ஓராண்டில் அவ்வளவு நஷ்டம் காட்டியதில்லை. அதில் 2,080 கோடி டாலர் எங்கேயும் போகவில்லை! நடந்தது இதுதான். அதுவரை ஓய்வுபெற்றவர்களின் மருத்துவச் செலவை, அவ்வப்போது பில் வரும்போது கட்டி, அந்த ஆண்டுச் செலவில் எழுதிவிடுவது வழக்கம். இனி வரப்போகும் செலவையும் இன்றே கடனாகக் காட்டு என்று 1990 டிசம்பரில் புது விதி வந்தது. பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த வாக்குகள் அத்தனையும் ஒரே நாளில் கணக்குப் புத்தகத்தில் ஏறி உட்கார்ந்தன. வாக்குக் கொடுத்த பல தலைவர்கள் அதற்குள் தாங்களே ஓய்வுபெற்றுவிட்டார்கள்.

பென்ஷன் பள்ளம் கணக்கில் முழுசாகத் தெரிந்ததும் தாமதமாகத்தான். 2006 வரைக்கும் அமெரிக்கக் கம்பெனிகளின் இருப்புநிலைக் குறிப்பில் பென்ஷன் பற்றாக்குறை முழுவதுமாக வர வேண்டியதில்லை. பின்பக்கத்து அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் போட்டால் போதும்! நிதியில் உள்ள பணம் ஆண்டுக்கு 9, 10 சதவீதம் வளரும் என்று எதிர்பார்ப்பைப் போட்டுக்கொண்டு, அந்த எதிர்பார்ப்பையே லாபத்தில் சேர்த்துக்கொண்ட கம்பெனிகள் ஏராளம். சந்தை ஏறிய 1990-களில் யாருக்கும் உறுத்தவில்லை. 2000-ல் சந்தை சரிந்தது, கூடவே வட்டியும் இறங்கியது. இரண்டு பக்கமும் அடி. 2003-ல் ஜெனரல் மோட்டார்ஸ் என்ன செய்தது தெரியுமா? பென்ஷன் கடனை அடைக்கக் கடன் வாங்கியது! ஒரே மூச்சில் 1,700 கோடி டாலருக்கு மேல் கடன் பத்திரம் விற்று, அதில் பெரும்பகுதியைப் பென்ஷன் நிதியில் போட்டது.

கம்பெனி மூடிப்போனால் பென்ஷன் என்ன ஆகும்?

இதற்கு அமெரிக்கா கற்றுக்கொண்ட பாடம் இண்டியானா மாநிலத்து சவுத் பெண்ட் ஊரில் நடந்தது. ஸ்டூடிபேக்கர் என்று ஒரு கம்பெனி. மோட்டார் கார் வருவதற்கு முன்பே, குதிரை இழுக்கும் வண்டி செய்து புகழ்பெற்றது. 1963 டிசம்பரில் அங்கே கார் ஆலையை மூடினார்கள். பென்ஷன் நிதியைத் திறந்து பார்த்தால் எல்லாருக்கும் போதாது. ஏற்கெனவே ஓய்வுபெற்றவர்களுக்கும் 60 வயதை எட்டியவர்களுக்கும் முழுசாகக் கிடைத்தது. அடுத்த வரிசையில் இருந்தவர்கள், 40 முதல் 59 வயது வரை, சுமார் 4,000 பேர். சராசரி வயது 52. சராசரியாக 23 ஆண்டு உழைப்பு. அவர்களுக்குச் சேர வேண்டியதில் கிடைத்தது 15 சதவீதம்! ஒரு டாலருக்குப் பதினைந்து சென்ட். அவர்களுக்கும் இளையவர்களுக்கு ஒன்றுமே இல்லை. 59 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையில் ஒரு பிறந்தநாள்தான். அந்தப் பிறந்தநாள் ஒரு முதுமையையே தீர்மானித்தது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பென்ஷனைக் காக்கச் சட்டம் வர இன்னும் பத்தாண்டு ஆயிற்று. 1974 செப்டம்பர் 2, அமெரிக்கத் தொழிலாளர் தினத்தன்று, ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தில் பிறந்ததுதான் பென்ஷனுக்கே இன்ஷூரன்ஸ் தரும் அரசு நிறுவனம்! வரிப்பணம் இல்லை, கம்பெனிகள் கட்டும் பிரீமியத்தில் ஓடுகிறது. முதலில் பிரீமியம் என்ன தெரியுமா? தலைக்கு ஆண்டுக்கு 1 டாலர். 2024-ல் 101 டாலர். நிதியில் பள்ளம் இருந்தால் அதற்குத் தனிக் கட்டணம். இந்தக் கட்டணத்துக்குப் பயந்தே பென்ஷனைக் கைகழுவிய கம்பெனிகளும் உண்டு.

அந்த இன்ஷூரன்ஸுக்கு வந்த பெரிய சோதனைகளில் ஒன்று பெத்லகேம் ஸ்டீல். சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு இரும்பு தந்த கம்பெனி! 2001-ல் திவாலானபோது வேலையில் இருந்தவர்கள் சுமார் 12,000; சலுகை பெற்ற ஓய்வுபெற்றவர்களும் குடும்பத்தினரும் 90,000-க்கு மேல். பென்ஷனை அரசு நிறுவனம் ஏற்றது. வைத்திய வசதி 2003-ல் நின்றேபோனது. சுமை கழன்றவுடன் உலைகள் கைமாறின. இரண்டே ஆண்டில் அவை இந்தியாவில் பிறந்த லட்சுமி மிட்டலின் கைக்கு வந்து சேர்ந்தன. உலை அதே உலைதான், இரும்பும் அதே இரும்புதான். அதை உருக்கி முதுமை அடைந்தவர்கள் மட்டும் கணக்கில் இல்லை.

2005-ல் யுனைடெட் ஏர்லைன்ஸ். பற்றாக்குறை 980 கோடி டாலர்; அரசு இன்ஷூரன்ஸ் தாங்கியது 660 கோடி. மீதி ஊழியர்கள் தலையில். அதிலும் விமானிகளுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். விமானி 60 வயதில் கட்டாயம் இறங்க வேண்டும் என்பது அப்போதைய அரசு விதி. 65 வயதுக்கு முன் பென்ஷன் வாங்கினால் உச்சவரம்பு குறையும் என்பதும் அரசு விதி. 60-க்கு மேல் ஓட்டாதே என்று சொன்ன அரசே, 60-லேயே வந்துவிட்டாய் என்று பென்ஷனை வெட்டியது!

பென்ஷனுக்காவது இந்தச் சட்டம் இருக்கிறது. ஓய்வுக்குப் பிந்தைய மருத்துவ வசதிக்கு அந்தப் பாதுகாப்புக்கூட இல்லை தெரியுமா? ஒப்பந்தத்திலிருந்து அது தெளிவாகத் தெரிந்தால் உண்டு. இல்லையென்றால் ஆயுள் முழுவதும் தருவதாக எண்ணிக்கொள்ளக் கூடாது என்று 2015-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். 1988-ல் பெரிய கம்பெனிகளில் 66 சதவீதம், ஓய்வுபெற்றவர்களுக்கு மருத்துவக் காப்பீடு கொடுத்தன. 2023-ல் அது கால்வாசிக்கும் கீழே.

நோயாளிகளே கம்பெனிக்குச் சொந்தக்காரர் ஆன அதிசயம் தெரியுமா? 2007-ல் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் ஆகிய மூன்று டெட்ராய்ட் கம்பெனிகளும் கார் தொழிலாளர் சங்கமும் ஒரு முடிவுக்கு வந்தன. ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் மருத்துவச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகையைக் கொடுத்து, தனி அறக்கட்டளையிடம் பொறுப்பை ஒப்படைப்பது. ஜெனரல் மோட்டார்ஸ் மட்டும் கழற்றி வைத்த கடன் சுமார் 4,700 கோடி டாலர்! பணம் முழுவதும் வருவதற்குள் 2009 ஜூன் 1-ல் ஜெனரல் மோட்டார்ஸே திவால். மீண்டு வந்த புதுக் கம்பெனியில் அறக்கட்டளைக்குக் கிடைத்தது 17.5 சதவீதப் பங்கு. மாத்திரை வாங்க வேண்டிய பணம் ஷேராக வந்தது! கிரைஸ்லரில் அதைவிட வியப்பு: ஓய்வுபெற்றவர்களின் அறக்கட்டளைதான் அங்கே மிகப் பெரிய பங்குதாரர். இத்தாலியின் ஃபியட், மீதமிருந்த பங்குகளை 2014-ல் அவர்களிடமிருந்துதான் 435 கோடி டாலருக்கு வாங்கிக் கிரைஸ்லரை முழுசாகத் தனதாக்கிக்கொண்டது. இந்த அறக்கட்டளை பொறுப்பேற்றபோது அதை நம்பியிருந்தவர்கள் மூன்று கம்பெனிகளிலும் சேர்த்து 8 லட்சம் பேருக்கு மேல்.

பென்ஷனையே மூட்டை கட்டி வேறொருவரிடம் கொடுத்துவிட முடியும் என்பதும் பலருக்குத் தெரியாது. 2012-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் அலுவலக ஊழியர்களின் பென்ஷனில் சுமார் 2,500 கோடி டாலர் மதிப்புள்ள பொறுப்பை ப்ருடென்ஷியல் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றியது. முப்பது ஆண்டு கார் கம்பெனியில் உழைத்தவருக்கு, ஒரு காலைப்பொழுதில் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து காசோலை! 2022-ல் ஐ.பி.எம். சுமார் 1 லட்சம் பேரின் பென்ஷனை, 1,600 கோடி டாலர் மதிப்பில், இரண்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குக் கைமாற்றியது.

அதே ஐ.பி.எம். அடுத்துச் செய்தது இன்னும் புதுமை. செலவைக் குறைப்பதற்காக 2008-ல் பென்ஷன் சேர்வதை நிறுத்தி, ஊழியரின் தனிச் சேமிப்புக் கணக்கில் பங்கு போடும் முறைக்கு மாறிய கம்பெனி அது. காலப்போக்கில் அந்தப் பழைய நிதியில் பணம் தேவைக்கு மேல் பெருகிவிட்டது. அந்த உபரியைச் சும்மா எடுத்துக்கொள்ள முடியாது, கடுமையான வரி உண்டு. 2024 முதல் சேமிப்புக் கணக்கில் பங்கு போடுவதை நிறுத்திவிட்டு, சம்பளத்தில் 5 சதவீதத்தைப் பழைய பென்ஷன் நிதியிலேயே வரவு வைக்கத் தொடங்கிவிட்டது! ஒரு காலத்தில் சுமை என்று இறக்கி வைத்த பெட்டி, திறந்து பார்த்தால் பணப்பெட்டி!

அந்தத் தனிச் சேமிப்புக் கணக்கின் கதையும் அப்படித்தான். 1978-ல் வந்த வரிச் சட்டத்தின் ஒரு சின்னப் பிரிவு, எண் 401(கே). நாட்டின் ஓய்வுக்காலத்தையே மாற்றப்போகிறோம் என்று யாரும் அதை எழுதவில்லை. பென்சில்வேனியாவைச் சேர்ந்த டெட் பென்னா என்ற ஆலோசகர் 1980 வாக்கில் அதை உற்றுப் படித்து, ஊழியர் கொஞ்சம் போட, கம்பெனி கொஞ்சம் போட, இரண்டுக்கும் வரி தள்ளிப்போகும் என்று கண்டார். நம்மூர் பி.எஃப். போலத் தோன்றும், ஆனால் வட்டி இவ்வளவு என்ற அறிவிப்பு கிடையாது, சந்தை ஏறினால் உண்டு, இறங்கினால் இல்லை. கம்பெனிக்கு இதில் பெரிய நிம்மதி: இந்த ஆண்டு போட வேண்டியதைப் போட்டால் கணக்கு முடிந்தது. ஆயுள் கூடினாலும் வட்டி இறங்கினாலும் சந்தை விழுந்தாலும் அது ஊழியரின் கவலை. முன்பு 4 லட்சம் பேரின் ஆயுளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். சீக்கிரம் போனவர் விட்டுச்சென்றது நெடுநாள் இருப்பவருக்கு உதவியது. இப்போது ஒவ்வொருவரும் தன் ஆயுளைத் தானே ஊகித்து, அதற்குத் தக்கபடி சேர்க்க வேண்டும். நானறிந்தவரை ஆக்சுவரிகள்கூடத் தனி ஒருவரின் ஆயுளைச் சொல்ல மாட்டார்கள்.

2023 செப்டம்பரில் கார் தொழிலாளர் சங்கம் மூன்று கம்பெனிகளிலும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. 2007 ஒப்பந்தத்துக்குப் பிறகு சேர்ந்து, பழைய பென்ஷனும் ஓய்வுக்கால மருத்துவமும் இல்லாமல் இருந்தவர்களுக்கும் அவை வேண்டும் என்பது கோரிக்கைகளில் ஒன்று. சம்பளம் நன்றாகவே உயர்ந்தது. பென்ஷன் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக அவர்களுடைய சேமிப்புக் கணக்கில், அவர்கள் ஒன்றும் போடாவிட்டாலும், சம்பளத்தில் 10 சதவீதத்தைக் கம்பெனி போடும் என்று முடிவாயிற்று. ஏற்கெனவே ஓய்வுபெற்றவர்களுக்கு, ஒப்பந்தக் காலத்தில் ஆண்டுக்கு ஒருமுறை 500 டாலர்.

அதனால் இன்றைக்கும் அந்த லைனில் அருகருகே இரண்டு பேர் நிற்கிறார்கள். நகர்ந்து வருவது ஒரே கார், சம்பளமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 2007-க்கு முந்தியவர் இன்னும் எத்தனை மாதம் என்று காலண்டரைப் பார்க்கிறார். பிந்தியவர் சாப்பாட்டு நேரத்தில் செல்போனை எடுத்து, இன்று சந்தை எங்கே நிற்கிறது என்று பார்க்கிறார்.